நடுவில் ஒரு நட்சத்திரம்

மடிக்கணினியை எதிரே இருந்த றுமைஸின் பக்கம் திருப்பினாள் இர்ஷானா.

“பைதன் கோடிங்ல எத்தின வருஷ அனுபவம்?”

“நாலு. கட்டார்ல ரெண்டு, இஞ்ச ரெண்டு.”

“அப்ப இந்த வரியப் பாத்துச் சொல்லுங்க.”

முதல், *நடு, கடைசி = பட்டியல்

“பட்டியல்ல முதலாவது இருக்கிறது ‘முதல்’ல போய் நிக்கும். கடைசியா இருக்கிறது ‘கடைசி’ல. மிச்சம் எல்லாம் நட்சத்திரம் போட்ட ‘நடு’வுக்கு.”

“பட்டியல்ல ரெண்டே ரெண்டுதான் இருந்தா?”

“நடு வெறுமையா இருக்கும்.”

“பிழை வராதா?”

“வராது. நட்சத்திரம் இல்லாட்டித்தான் புரோகிராம் அந்த இடத்திலயே நிண்டுரும்.”

“அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதில யோசிக்க என்ன இருக்கு?” என்று சிரித்தான் றுமைஸ்.

குசினியிலிருந்து அவளுடைய உம்மாவின் குரல் கேட்டது. “மகள், மாப்பிள்ளைக்கு இன்னொரு தேத்தண்ணி ஊத்தட்டா?”

இர்ஷானா குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“போன வருஷம் ஒப்பரேசன் செஞ்சு எனக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. புள்ள கிடைக்காது. உங்கட வீட்டாக்களுக்கு வாப்பா இன்னும் சொல்லல்ல. இத மறைச்சு நிக்காஹ் செய்ய எனக்கு ஏலா.”

றுமைஸின் சிரிப்பு அடங்கியது. அந்த வரியை இன்னொருமுறை வாசித்தான். பிறகு மடிக்கணினியை அருகே இழுத்து, பட்டியலில் றுமைஸ், இர்ஷானா என்று இரண்டே பெயர்களை இட்டு இயக்கினான். திரையை அவள் பக்கம் திருப்பினான்.

“பாருங்க, பிழை வரல்ல.”

அவள் நிமிர்வதற்குள் குசினிப் பக்கம் குரல் கொடுத்தான்.

“ஊத்துங்க மாமி.”