வெறுங்கை மெருகு

பெங்களூர் ஜீவனஹள்ளிப் பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியாக மதிய வெயில் இறங்குகிறது. அதில் மெக்சிகோவிலிருந்து வந்த மரத்தின் தூள் செங்கல் நிறத்தில் மிதக்கிறது. சுவரில் தொங்கும் தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் காலண்டர்கூடச் சிவந்துவிட்டது. கோமளா முந்தானையால் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு கத்திப் பிடி ஒன்றுக்கு எண்ணெய் தேய்க்கிறாள். கையுறை போட்டால் மெருகு வராது. உள்ளங்கைச் சூட்டில்தான் இந்த மரத்தின் கருங்கோடுகள் எழும்பி வரும். அதே மரம்தான் நாலு மாதமாக அவள் விரலிடுக்கெல்லாம் கொப்புளமாகப் பூத்திருக்கிறது. தேய்க்கும்போதே ஒன்று உடைகிறது; எண்ணெயோடு அந்த நீரும் சேர்ந்து பளபளக்கிறது. முதலாளி நரேஷ் வந்து நிற்கிறார். மேசையிலுள்ள மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெடிப்பு கண்டதைக் கூடையில் எறிகிறார். பிறகு கைக்குட்டையைச் சுற்றி அவள் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையையும் அதே வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார்.

"இந்த லாட் முடியற வரைக்கும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. அப்புறம் எனக்குப் புதுக் கை வேணும். உங்க வீட்ல யாராச்சும் இருக்காங்களா?"

வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவளுடைய தங்கை ரேவதி, புருஷனுடைய தங்கை பவானி. ஒரே வயது, ஒரே பாயில் படுத்துத் தூங்குகிறவர்கள். கோமளா பிடியை மறுபடி எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறாள்.

"என் நாத்தனார் இருக்கா சார். அவ கை நல்லா மெத்துன்னு இருக்கும்."