தடுமாறாத வாக்கியம்

இன்னும் மூன்று பேர். அதற்குப் பிறகு அவன்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் பலகையில் பச்சை மையில் எழுதியிருந்தது. பேக் அவுட். புல் அவுட். கால் ஆஃப். கோ பேக் ஆன் யுவர் வேர்ட். கோல்ட் ஃபீட்.

ஒத்துக்கொண்ட ஒன்றிலிருந்து விலகிக்கொள்ள ஆங்கிலத்தில் இத்தனை வழிகள் இருப்பது இன்று மாலைதான் அவனுக்குத் தெரிந்தது.

"கால் ஜில்லுன்னு ஆயிருமா மிஸ்?" பின்வரிசையிலிருந்து சிக்கந்தர் கேட்டான்.

"ஒத்துக்கிட்ட பெறகு பயம் வந்தா ஆகும்" என்றார் ஜெசிந்தா மிஸ். வகுப்பு சிரித்தது.

அவன் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி, ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தான்.

நோட்டை மூடிவிட்டு எழ வேண்டும். பலகையில் உள்ளதை வைத்து, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. தடுமாறாமல் முடித்தால் வகுப்பே கைதட்டும். எதைச் சொன்னாலும் தட்டும். போன வாரம் பாண்டிச்செல்வி அக்கா தன் மாமியார் காலொடிந்து கிடப்பதைச் சொன்னார். அதற்கும் தட்டினார்கள்.

அவனுக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. பாதி வாக்கியத்தில் நின்று, சொன்னது சரிதானா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான்.

சன்னலுக்கு வெளியே, மாடிப்படி முடியுமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவனுடன் பைக்கில் வந்துவிடுவான். ஒவ்வொரு படியாக ஏறி, வகுப்பு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பான். வீட்டில் சும்மா இருந்தால் தாகம் எடுக்கிறதாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பாட்டில் மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. அக்காவின் சிறுநீரகம் பொருந்தவில்லை.

அவனுடையது பொருந்தியது.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவைப் படித்துச் சொன்ன அன்று, யாரும் கேட்கும் முன்பே அவன் சொல்லிவிட்டான். நான் தர்றேன்ணே.

அண்ணன் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய்க் கழுவினான்.

நாளைக் காலை ஆஸ்பத்திரிக் குழு அவனை மட்டும் உள்ளே கூப்பிடும். முழு மனதோடுதான் சிறுநீரகம் தருகிறாயா என்று கேட்கும். ஆமாம் என்றால் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பார்கள்.

இன்று குளிக்கும்போது இடுப்புக்கு மேல் கைவைத்துப் பார்த்திருந்தான். எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பார்கள் என்று கேட்க மறந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

சிக்கந்தர் எழுந்து கொடைக்கானல் டூரிலிருந்து விலகினான்.

கைதட்டு.

பாண்டிச்செல்வி அக்கா எழுந்து நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு வர முடியாது என்றார்.

கைதட்டு.

"நேர்ல சொல்லிருவியாக்கா?" என்றான் சிக்கந்தர்.

"இதே மாதிரி இங்கிலீஷ்லயே சொல்லிருவேன். அவளுக்குப் புரியவா போகுது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அவனுக்கு முன்னால் இருந்தவர் எழுந்தார். தெரு கிரிக்கெட் அணியிலிருந்து விலகினார்.

கைதட்டு.

அவன் எழுதி, அடித்து, திருத்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததும் கிரிக்கெட்தான்.

எழுந்தான். நோட்டை மூடினான்.

மிஸ் காத்திருந்தார்.

"ஐ கேவ் மை வேர்ட் டு மை பிரதர்" என்றான்.

அடுத்ததை அவன் தேடவில்லை. அதுவாக வந்தது.

"ஐ வான்ட் டு பேக் அவுட்."

அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தேன். விலகிக்கொள்ள விரும்புகிறேன்.

தமிழில் அதை அவன் மனதுக்குள்கூட முழுதாகச் சொன்னதில்லை.

வகுப்பு கைதட்டியது. "பாத்தியா, வருதுல்ல!" என்று மிஸ்ஸும் தட்டினார். சிக்கந்தர் விசில் அடித்தான்.

எல்லாம் ஓய்ந்த பிறகும் ஒரு கைதட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

சன்னலுக்கு வெளியே.

டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி நரம்பு புடைத்த இடது கையை அசைக்காமல் ஏந்தி, அதன் மேல் வலது கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான் அண்ணன்.

படியிறங்கும்போது அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்தக் கையில் கனமே இல்லை.

"பிரதர்னு காதுல விழுந்துச்சு" என்றான்.

அவன் படியைப் பார்த்து இறங்கினான்.

"திக்காமச் சொல்லிட்டியேடா."

கீழே வந்தார்கள். அவன் பைக்கைத் திருப்பி நிறுத்தினான். சாவியைத் தலைகீழாகச் செருகி, எடுத்து, மறுபடி செருகினான்.

அண்ணன் ஏறவில்லை. மூடியில் தண்ணீர் ஊற்றினான். குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு என்னைய உள்ள விடமாட்டாங்களாம். கேட்டுட்டேன்."

"ம்."

"வெளிய இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்காதாம்."

டவுன் பஸ் ஒன்று அவர்களை உரசுவதுபோல் போனது. அது போய் முடியும்வரை அண்ணன் காத்திருந்தான்.

"அங்க தமிழ்லயே சொல்லலாம்டா."

மூடியை அவனிடம் நீட்டினான்.

அண்ணன் கையில் இருந்தவரை அதிலிருந்த தண்ணீர் தளும்பவில்லை.