அவிழ்க்கக் கூடாத கட்டு

துப்பாக்கி கிளப்பின் முதலுதவி வகுப்பில், குண்டடி பட்டவனாக நடிக்க முகுந்தன்தான் முந்திக்கொண்டு கை தூக்கினான். தொடையில் குழாய் வழியே சிவப்புச் சாயம் கசியும் பையைக் கட்டி அவனைப் பாயில் படுக்கவைத்தார்கள். அவன் மனைவி வத்சலா காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றி, அதில் செருகியிருந்த குச்சியை முறுக்கினாள். சாயம் கசிவது நின்றதும் அவன் நெற்றியில் பேனாவால் கட்டிய நேரத்தை எழுதினாள். பயிற்சியாளர் கைதட்டினார்.

“வலி உயிர் போகும். அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுவாங்க. காதுலயே வாங்காதீங்க. அதை டாக்டர்தான் அவிழ்க்கணும்” என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் டீ குடிக்க அழைத்துப் போனார். அடிபட்டவரைத் தனியே விடக் கூடாது என்பதால் வத்சலா மட்டும் இருந்தாள்.

“போதும் வத்சு, அவிழ்த்துடு. கால் மரத்துப்போச்சு.”

“அவர் சொன்ன மாதிரியே கெஞ்சுறீங்களே” என்று அவன் தலையைக் கோதினாள்.

“ஐயோ, நடிக்கலடி! நிஜமாவே வலிக்குது!”

“வலிச்சாத்தான் சரியா கட்டியிருக்குன்னு அர்த்தம்.”

வெளியே யாரோ, “என்னமா நடிக்கிறான் பாரு” என்று சிரித்தார்கள்.

குச்சியை எட்டப் போன அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் இவ்வளவு பரிவாக அவனைத் தொட்டதில்லை. அவன் உடம்பை முறுக்கித் திமிறினான். தொடைக்கடியில் பை நசுங்கி, மிச்சமிருந்த சாயம் பாயெங்கும் பரவியது.

வத்சலாவின் முகம் வெளிறியது.

“இன்னும் நிக்கலையே” என்றபடி இரண்டாவது பட்டையை எடுத்துப் பிரித்தாள்.