ஆடியில் வந்த கல்யாண உறை

உள்ளே வந்ததும் நாச்சிமுத்து முதலில் செய்த காரியம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுதான். பிறகு, தெருவைப் பார்த்திருந்த சன்னலையும் இழுத்து மூடிவிட்டு, சௌந்திரத்தின் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"ஏனுங்க, கதவை எதுக்குங்க சாத்தறீங்க?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"கொஞ்சம் பேசோணும். உக்காருங்க அம்மணி."

சங்ககிரி லாரிப் பட்டறைகளின் இரைச்சலும் எண்பத்து நான்காம் ஆண்டுப் புரட்டாசி வெயிலும் சன்னலுக்கு அப்பால் நின்றுவிட்டன. தொழுநோயாளிகளுக்கு உதவும் அந்தச் சிறிய சங்கத்தின் ஒற்றை அறை அவருடைய கட்டடத்தில்தான் இருந்தது. ஜேடர்பாளையத்தில் கரும்பும் வெற்றிலையும் விளைவிக்கும் பண்ணையக்காரர் அவர். இடம் கொடுத்த நாளிலிருந்து ஒருமுறைகூடப் படியேறி வந்ததில்லை.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, மரியாதைக்கு ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எருமப்பட்டியில குழந்தைவேலு ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. என்ற தம்பி பையனுக்கு அவம் புள்ளையைப் பேசியிருக்குது," என்றார் நாச்சிமுத்து. "தபால் குத்தி வெக்கிற கம்பியில மஞ்சத் தடவுன கவரு ஒண்ணு தொங்குது. சங்ககிரி முத்திரை."

"கலியாணப் பத்திரிகையா இருக்குமுங்க."

"ஆடி மாச முத்திரைங்க அம்மணி. ஆடியில எவன் ஊட்டுல கலியாணம்?"

அது தான் அனுப்பிய உறைதான் என்று சௌந்திரத்துக்குப் புரிந்துவிட்டது. எந்த நாளில் எந்த ஊருக்கு மருத்துவர் வருவார் என்பதை மாதந்தோறும் நோயாளிகளுக்குத் தபாலில் தெரிவிப்பது அவள் பொறுப்பு. அஞ்சலட்டையில் எழுதினால் ஊரே படித்துவிடும். சங்கத்தின் பெயர் அச்சிட்ட உறையோ அதைவிட ஆபத்து. அதனால்தான் உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கல்யாண அழைப்பைப் போல அனுப்பும் உபாயத்தை அவளே கண்டுபிடித்திருந்தாள். ஆடி பிறந்ததை மறந்து, கைப்பழக்கத்தில் அன்றும் மஞ்சளைத் தொட்டிருக்கிறாள்!

மேசை ஓரத்தில் பூட்டியிருந்த தகரப் பெட்டியை நாச்சிமுத்து சுட்டிக்காட்டினார். முகவரி அட்டைகள் அனைத்தும் அதற்குள் இருந்தன. "குழந்தைவேலு பேரு இதுக்குள்ள இருக்குதா, இல்லியா? ஒரே வார்த்தை போதும்."

"யாரு பேரு இருக்குது, யாரு பேரு இல்லைங்கறதை நாங்க சொல்றதில்லீங்க."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போட்டுப் போறது. அதுல என்னங்க நோவு உங்குளுக்கு?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஒரு கணம் தோன்றியது. உண்மை வெளிப்பட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும், அதோடு முடியாது. காட்டிக்கொடுக்கப்பட்டவர் அடுத்த மாதம் மருந்துக்கு வரமாட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வரமாட்டார்கள்.

"இன்னைக்கு ஒருத்தருக்கு இல்லைன்னு சொன்னா, நாளைக்கு நான் வாயைத் தொறக்காத பேருக்கெல்லாம் இருக்குதுன்னு ஆயிருமுங்க."

நாச்சிமுத்து டம்ளரை எடுத்தார். சௌந்திரமும் தன் டம்ளரை முந்தானையால் சுற்றி எடுத்தாள். அப்படியும் சூடு தாங்காமல் உடனே கீழே வைத்தாள். அவரோ விளிம்பைத் தொடாமல், டம்ளரை முழுக் கையாலும் இறுகப் பற்றியபடி அவளையே உறுத்துப் பார்த்தார். அந்தப் பிடியில் தெரிந்த கோபம் அவளை அச்சுறுத்தியது.

"சாவியைக் குடுங்க."

"தரமாட்டனுங்க."

"இது என்ற கட்டடம். நாளைக்கே காலி பண்ணச் சொன்னா, லாரி ஸ்டாண்டுலதான் சங்கம் நடத்தோணும்."

"நடத்தறமுங்க. லாரிக்காரங்க அடுத்தவங்க தபாலைப் பாத்து மாசக் கணக்குப் போட மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் தன் துணிச்சலை அவளே உணர்ந்தாள். இனி நிற்க முடியாது என்று பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். நாச்சிமுத்து குறுக்கே வந்து வழியை மறித்தார். டம்ளர் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"யாரு கேட்டாலும் இதே பதில்தானுங்களா?"

"யாரு கேட்டாலுமுங்க."

"என்ற ஊட்டுக்காரி வந்து, அழுதுகிட்டுக் கேட்டா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பதில் மாறவில்லை. "அவிய கேட்டாலும் இதேதானுங்க."

நாச்சிமுத்து டம்ளரை மேசைமேல் வைத்தார். உள்ளங்கை நெடுகச் சிவந்து கன்றியிருந்தது. அந்தச் சூடு அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

"அந்தக் கலியாணம் ஒண்ணும் நிக்காதுங்க," என்றார். தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். மறுபடி பேசியபோது குரல் அடங்கிப்போயிருந்தது.

"இனி எனக்கு அனுப்பறப்ப ஆடியில மஞ்சத் தடவீராதீங்க, அம்மணி."