வண்டி இன்னும் வரலைம்மா

"சார் இருக்காராம்மா?"

வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. கார் ஷோரூம் விற்பனையாளரின் குரல். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"குளிச்சிட்டிருக்கார் தம்பி. என்ன விஷயம்னு எங்கிட்ட சொல்லுங்க."

"அந்த ஹைப்ரிட் வண்டி இன்னும் வரலைம்மா. அறிமுகத் தேதி மறுபடியும் தள்ளிப்போகும்போல இருக்கு. சார்கிட்ட நீங்கதான் பக்குவமா சொல்லணும்."

"அதுக்கென்ன, மெதுவா வரட்டும். அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

நிறத்தில் ஏதாவது மாற்றம் உண்டா என்று அவன் கேட்டான். நீலம்தான் வேண்டுமென்று மனிதர் ஒற்றைக்காலில் நிற்கிறார் என்றாள் அவள். அவன் சிரித்தான். அடுத்த வியாழன் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

"யாரும்மா குளிக்கிறாங்க?"

திரும்பினாள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

குளியலறையில் யாரும் இல்லை. ஏழு மாதமாகவே இல்லை. கணக்குப் பார்த்தால், அந்த மனிதர் உயிரோடு இருந்த காலத்தில்கூட வியாழக்கிழமைகளில் இத்தனை ஒழுங்காகக் குளித்ததில்லை.

முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். இன்ஜின் இரைச்சலில் ஒரு காது பாதி போயிருந்தது. ஓய்வு பெற்றதும், மெதுவாகப் போகும்போது பேட்டரியில் சத்தமே இல்லாமல் ஓடுகிற கார் ஒன்று வரப்போகிறது என்று எங்கோ படித்துவிட்டுப் பிடிவாதம் பிடித்தார். மகள் வாங்கித் தருகிறேன் என்றதும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தார். "நீ பேசுறதை இதுவரைக்கும் நான் முழுசாக் கேட்டதே இல்லடி. அந்த வண்டியில உக்காந்து கேக்குறேன்" என்றார். வண்டி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

பெயர் பதிந்தவர்கள் மனம் மாறிவிடாமல் இருக்க வாரம் ஒரு முறை கூப்பிட்டுப் பேசுவது அந்த ஷோரூமின் வழக்கம். காரியமெல்லாம் முடிந்து, மகளும் உறவுக்காரர்களும் ஊர் திரும்பி, வீடு வெறிச்சோடிக் கிடந்த ஒரு வியாழக்கிழமை அந்த போன் வந்தது. துக்கம் கேட்கத்தான் என்று எடுத்தாள். "சார் இருக்காராம்மா?" என்றது குரல். உலகமே அவரை அனுப்பி வைத்துவிட்ட பிறகு ஒரே ஒரு குரல் அவரைத் தேடிக்கொண்டு வருகிறது. அவள் வாய் தன் பாட்டுக்கு, "தூங்குறார் தம்பி" என்றது.

அதன்பிறகு அவர் கடைக்குப் போனார், முடிவெட்டப் போனார், மாடியில் துணி காயப்போட்டார். மற்றவர்கள் எல்லாம் வண்டி எப்போது வரும் என்று அவனைப் பிடுங்கி எடுப்பார்களாம். இவள் மட்டும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வண்டி வந்துவிட்டால் போன் நின்றுவிடும். போன் நின்றுவிட்டால் அவர் உண்மையிலேயே செத்துப்போவார்.

இதையெல்லாம் திக்கித் திணறி மகளிடம் சொல்லி முடித்தபோது, மகளும் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த ஆளை நினைச்சுப் பாரும்மா. உன்னை நம்பி வாராவாரம் போன் பண்றார். நாளைக்கு வண்டியோட வாசல்ல வந்து நின்னா என்ன சொல்லுவ? பாவம், ஒருத்தரை இப்படி ஏமாத்தலாமா?"

அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை, கூட வருகிறேன் என்ற மகளை வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். பொய் சொன்னது அவள், அவள்தானே போய்ச் சொல்ல வேண்டும். ஏழு மாதத்தில் தெருமுனைக் கடையைத் தாண்டிப் போனதில்லை. பேப்பரை நிறுத்தியாகிவிட்டது, டிவியில் தூசி படிந்திருந்தது. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, "தம்பி, என்னை மன்னிச்சிடுங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் நீல நிறத்தில் அந்த வண்டி நின்றிருந்தது. விளம்பரத் தாளில் அவர் விரலால் தடவித் தடவிக் காட்டிய அதே வண்டி. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் போய், "இது எப்பம்மா வந்தது?" என்றாள்.

"வந்து நாலு மாசம் ஆச்சும்மா. ரோடு முழுக்க இதானே ஓடுது."

"நேத்துகூட இன்னும் வரலைன்னு சொன்னாங்களே..."

அந்தப் பெண் கணவரின் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். திரையைப் படித்தவள் முகம் மாறியது. இந்தப் பெயரை ஏழு மாதத்துக்கு முன்பே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எடுத்தது அந்த விற்பனையாளர்தான். காரணமும் எழுதி வைத்திருந்தான். அவள் வற்புறுத்திக் கேட்கவே, அந்தப் பெண் தணிந்த குரலில் வாசித்தாள்.

"'விளம்பரத் தாள் கொடுக்க வீட்டுக்குப் போனேன். சார் காலமாகிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மாவைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். அந்த வீட்டுக்கு இனி வேறு யாரும் போன் செய்ய வேண்டாம்.'"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வியாழக்கிழமையும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தத் தம்பியைக் கொஞ்சம் கூப்பிடும்மா. ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்."

"அவர் இங்க வேலையை விட்டே ரெண்டு மாசம் ஆச்சேம்மா" என்றாள் அந்தப் பெண்.