ஓலை நிழல்

ஓலையைப் போட்டது அவள்தான்.

காலையில், உப்புச் சுமக்கும் முதல் நடைக்கு முன். உப்பு அம்பாரத்தை மூடிய பழைய பனை ஓலையில் ஒரு துண்டு. வரப்புக் குழியில் கிடந்த மூன்று முட்டைகளுக்கு மேல் சாய்த்து, காற்றில் பறக்காமல் சுற்றிலும் மண்கட்டி வைத்தாள்.

உப்பளத்தில் மழைக்கும் ஓலைதான், வெயிலுக்கும் ஓலைதான். உப்பை மூடுவது ஓலை. கஞ்சித் தூக்கை மூடுவது ஓலை. காப்பாற்ற வேண்டும் என்றால் மூடு. அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

மணி பதினொன்று ஆகிவிட்டது.

குருவி முட்டைக்குப் போகவில்லை.

உப்புக்கொத்தி. கைக்குள் அடங்கும். வரப்பு மண்ணின் நிறம். ஓலையைச் சுற்றி ஓடியது. நின்றது. குனிந்து பார்த்தது. மறுபடி ஓடியது.

பதினெட்டு நாளாக அவள் அதைப் பார்த்து வருகிறாள். தலையில் உப்புப் பெட்டி. கழுத்தைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் ஓட்டிப் பார்ப்பாள்.

வெயில் ஏறினால் அது வாய்க்காலுக்கு ஓடும். குடிக்காது. வயிற்றைத் தண்ணீரில் அழுத்தி, இறகெல்லாம் நனைய எழும். சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டை மேல் உட்காரும். காய்ந்ததும் மறுபடி வாய்க்கால்.

மதியம் வரை அவளுக்கு நாற்பது நடை. குருவிக்கு அதைவிடக் கூடுதல். விரட்ட ஒரு கங்காணியும் கிடையாது.

குருவியை வேலைக்காரி என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வேறு யாரையும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அந்த நடையைக் கொஞ்சம் குறைக்கத்தான் ஓலை.

இப்போது நடையே நின்றுவிட்டது.

நாலு திசையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது உட்காராது. தலையில் சுமையோடு போகும்போது அவளுக்கு அது புரிந்தது. ஓலைக்கு அடியில் காற்று இல்லை. தரை கொதித்தது. ஈர வயிறு வந்து சேராவிட்டால் முட்டை வெந்துவிடும்.

அந்த வரப்பு நாலு பாத்தி தள்ளி இருந்தது. வரிசையில் அவள் முதல் ஆள். பின்னால் பதினோரு பேர். பெட்டியை இறக்கினால் திரும்ப ஏற்றிவிட ஆள் வேண்டும்.

அவள் இறக்கவில்லை. கவிழ்த்தாள்.

வெள்ளை உப்பு சேற்றில் சரிந்தது.

"ஏட்டி! கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" தூரத்திலிருந்து கங்காணி கத்தினார். "மண்ணுல கொட்டுத, ஒங்கப்பன் வீட்டு உப்பா?"

ஓடினாள். ஓலையைப் பிடுங்கி எறிந்தாள். முட்டையைத் தொடவில்லை. விலகிப் போய் நின்றாள்.

குருவி முட்டையிடம் வரவில்லை. வாய்க்காலுக்கு ஓடியது.

வயிற்றை நனைத்தது.

பிறகுதான் வந்தது.

மண் கலந்த உப்பை அவள் கையால் வழித்து அள்ளினாள். விரல் வெடிப்பில் எரிந்தது. கங்காணி பேசியதையெல்லாம் பேசி முடித்தார்.

அன்றிலிருந்து எட்டாம் நாள் குழி காலி.

ஓடுகூட இல்லை. குருவியும் இல்லை.

காக்கை தூக்கியதா? அன்றைய சூட்டில் கூமுட்டையாகி, குருவியே விட்டுவிட்டுப் போனதா? யாரிடமும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை. நிறைபெட்டி. அவள்தான் முதல்.

வரப்பு முனையில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. ஒரு சிறகு விரிந்து மண்ணில் இழுபட்டது. கீச்சிட்டுக்கொண்டே நொண்டி நகர்ந்தது.

"யக்கா, றெக்க ஒடிஞ்சு கெடக்கு பாருங்க." அவளுக்கு அடுத்து வந்த சுயம்புக்கனி. "பாவம். பிடிச்சிருவமா?"

அவள் நின்றாள். பின்னால் அத்தனை பேரும் நின்றார்கள்.

குருவி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஆட்கள் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தது.

வலப்பக்கம் அம்பாரத்துக்குப் போகும் வழி. அங்கே ஒரு பிடி மண் கால் முளைத்து ஓடியது. சட்டென்று உட்கார்ந்து மறுபடி மண்ணானது.

அதன் பக்கத்தில் இன்னொரு குஞ்சு.

"ஒடியலட்டி," என்றாள். "நடிக்கா."

"எதுக்குக்கா?"

அவள் இடப்பக்கம் திரும்பினாள். அந்த வழியில் இரண்டு பாத்தி சுற்று.

"வழி இந்தப் பக்கம்லா! இவளுக்கு என்ன கேடு?" வரிசையின் கடைசியிலிருந்து ஒருத்தி.

அவள் நடையை நிறுத்தவில்லை.

நொண்டிக் குருவியின் பின்னால், ஏமாந்துபோனவர்களைப் போல, தலையில் உப்போடு பன்னிரண்டு பேர் போனார்கள்.