கைக்கு எட்டாத இடம்

கணவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தான். முதுகில் அவன் கைக்கு எட்டாத இடமெல்லாம் மனைவி தடவிவிட்டாள். வேலை, வீடு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடும் இருவரும் நிதானமாகப் பேசுவது இந்தப் பத்து நிமிடம்தான்.

“சோரியாசிஸ் இன்னும் போகலையா?”

“உங்களை மாதிரியே உங்க தோலுக்கும் அவசரம். ஒரு மாசத்துல வளர வேண்டியது நாலே நாள்ல வளர்ந்து செதிலாக் குவியுது. வைட்டமின் டி களிம்புதான் அதுக்குக் கடிவாளம். பொறுமையாப் படுங்க.”

அவள் கை கழுவப் போனதும் பக்கத்தில் இருந்த மகள் கிசுகிசுத்தாள்.

“அப்பா, உங்க முதுகு எப்பவோ சுத்தமாயிடுச்சு! அம்மா தடவுறது வெறும் கோல்டு கிரீம்.”

“தெரியும்டா. போன மாசமே டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட உளறிடாதே, அப்புறம் தடவ மாட்டா!”